5 ஆம் கட்டடம் ஏன் 45 ஆம் இடத்தில் நிற்கிறது?

திருப்பூணித்துறை ஹில் பேலஸ் 1865 இல் கொச்சி அரச குடும்பம் கட்டியது. இன்று கேரளத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வளாகத்தில் மொத்தம் 49 கட்டடங்கள். கட்டடத்துக்கு ஒரு படம் வீதம் எடுத்து, ‘கட்டடம்-1’ தொடங்கி ‘கட்டடம்-49’ வரை பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். லினக்ஸ் டெர்மினலைத் திறந்து, அந்த ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் என்று தட்டினால் பட்டியல் வரும். முதலில் 1. அடுத்தது 2 இல்லை, 10. பிறகு 11, 12 என்று 19 வரை ஓடி, அதற்கப்புறம்தான் 2. அதன் பின்னாலேயே 20 முதல் 29. பிறகு 3, அதன் வால் 30 முதல் 39. இப்படிப் போய் 5 ஆம் கட்டடம் 45 ஆவதாக வந்து நிற்கும். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்: 1 இல் தொடங்குபவை 11, 2 இல் 11, 3 இல் 11, 4 இல் 11. அந்த 44 பேரும் போனபிறகுதான் 5க்கு வழி. கடைசி இடமும் 49க்குக் கிடைக்காது, 9க்குத்தான்.

இந்த நூலில் கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதுகிறோம். எல்எஸ் என்றால் ஆங்கிலத்தின் எல், எஸ் என்ற இரண்டு சிறிய எழுத்துகள். ‘மைனஸ் வி’ என்றால் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி வி. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் ‘பெரிய எஸ்’ என்று சொல்லியிருக்கும். அதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. எல்எஸ்ஸுக்குச் சிறிய ஆர் கொடுத்தால் பட்டியல் தலைகீழாகும். பெரிய ஆர் கொடுத்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தோண்டி அத்தனையையும் திரையில் கொட்டிவிடும்.

49 கட்டடங்களின் பட்டியலைப் பார்ப்பவர் கணினி தப்புச் செய்துவிட்டது என்றுதான் நினைப்பார். எல்எஸ் தப்பு எதுவும் செய்யவில்லை. 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இருக்கும் பழைய கட்டளை அது. அன்றும் இன்றும் அதற்குப் பெயர் என்பது எழுத்துகளின் கோவை, அவ்வளவுதான். இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். ‘10’இல் முதல் எழுத்து 1, ‘2’இல் முதல் எழுத்து 2, 1 சிறியது, ஆகவே 10 முந்தும். பத்து என்ற மதிப்பு அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. இதைவிட முக்கியமான ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எல்எஸ் மைனஸ் பெரிய யு என்று கொடுத்துப் பாருங்கள். வரிசைப்படுத்தாமல், வட்டில் ஃபோல்டர் வைத்திருக்கும் படியே காட்டு என்பது அதன் பொருள். 31, 7, 44, 12 என்று எந்த ஒழுங்குமில்லாமல் வரும். ஆக, ஃபோல்டருக்குள் கோப்புகளுக்கென்று சொந்த வரிசை கிடையாது. பார்க்கிறபோது யாரோ ஒருவருடைய விதிப்படி போடப்படுவதுதான் வரிசை. நாம் விதி சொல்லாவிட்டால் மென்பொருளை எழுதியவர் சொன்ன விதி நடக்கும். நமக்கு எந்த வரிசை வேண்டுமோ அதைப் பெயருக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டால், எந்த விதி வந்தாலும் பட்டியல் கலையாது என்பதே இந்த அத்தியாயம் முழுக்க நாம் வாதாடப்போவது.

உடனே ஒரு மறுப்பு வரும். எண்ணை எண்ணாகப் பார்க்கிற வசதியும் எல்எஸ்ஸிலேயே இருக்கிறதே, எல்எஸ் மைனஸ் வி என்றால் 1, 2, 3 என்று ஒழுங்காக வந்துவிடுமே, பிறகு எதற்குப் பெயரை மாற்றிக்கொண்டு கிடக்க வேண்டும்? வரும், சந்தேகமில்லை. வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்கும் அதே வசதி உண்டு. அங்கே மட்டும் அது பெரிய வி. (இரண்டிலும் ஒரே எழுத்தை வைத்திருக்கலாம், வைக்கவில்லை.) ஆனால் அந்த ஃபோல்டர் நம் டெர்மினலுக்குள்ளேயே வாழ்ந்து முடியப்போவதில்லை. ஜிப் செய்து அனுப்புவோம், பென் டிரைவில் ஏற்றித் தொலைக்காட்சியில் ஓட்டுவோம், இணையதளத்தில் ஏற்றுவோம், கைப்பேசியில் திறப்போம். அங்கெல்லாம் மைனஸ் வி கூட வராது. சில இடங்களில் எண்ணைப் புரிந்துகொள்வார்கள், சில இடங்களில் எழுத்தாகத்தான் பார்ப்பார்கள். ‘கட்டடம்-01’, ‘கட்டடம்-02’ என்று முன்னால் ஒரு சுழியைச் சேர்த்துவிட்டால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. மிக மந்தமான ஒப்பீட்டு முறைகூட அதன்பிறகு தவற முடியாது. மைனஸ் வி அவசரத்துக்கு, முன்சுழி நிரந்தரத்துக்கு.

எத்தனை சுழி என்பதுதான் யோசிக்க வேண்டியது. 49க்கு இரண்டு இலக்கம் போதும், கட்டடம் பெருகப்போவதில்லை. ஆனால் வளரக்கூடிய எண்ணுக்கு இன்றைய அளவைப் பார்த்துச் சட்டை தைக்கக் கூடாது. கேரளத்தின் கொல்லம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கி.பி. 825 இல் தொடங்கும் அந்தக் கணக்கில் 1000 ஆம் ஆண்டு பிறந்தது 1824 இல். அந்த எல்லையை ஒட்டிய பழைய கொச்சிச் சமஸ்தான ஓலையையோ காகிதத்தையோ ஸ்கேன் செய்து கொல்லம் ஆண்டாலேயே பெயர் வைத்தால், 998, 999, 1000, 1001 என்ற நான்கும் எல்எஸ்ஸில் 1000, 1001, 998, 999 என்று வரும். முந்திய இரண்டு ஆண்டுகள் பிந்திய ஆண்டுகளுக்குப் பின்னால் போய்விடும். வரிசையை நம்பி வாசிக்கிறவர், உத்தரவுக்கு முன்பே பதில் வந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘0998’ என்று எழுதுவது கண்ணுக்கு விநோதமாகத்தான் இருக்கும். வரலாற்றைத் தலைகீழாக்குவதைவிட அது மேல். இன்று நடப்பது 1200களில் உள்ள ஆண்டு என்பதால், அடுத்த இலக்கம் கூடுவதற்கு இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு இருக்கிறது. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

தேதியிலும் இதே சிக்கல்தான், ஆனால் விழுகிறவர்கள் அதிகம். திருப்பூணித்துறையின் அத்தச்சமய ஊர்வலம் ஓணத்துக்குக் கட்டியம் கூறுவது. சிங்க மாதத்து அத்த நட்சத்திரத்தன்று நடப்பது. நட்சத்திரக் கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2022 இல் ஆகஸ்ட் 30, 2023 இல் ஆகஸ்ட் 20, 2024 இல் செப்டம்பர் 6, 2025 இல் ஆகஸ்ட் 26. நம் வழக்கப்படி நாள்-மாதம்-ஆண்டு என்று கோப்புக்குப் பெயர் வைத்தால் எல்எஸ் காட்டும் வரிசை இது: 06-09-2024, 20-08-2023, 26-08-2025, 30-08-2022. ஆண்டுகளை மட்டும் படித்தால் 2024, 2023, 2025, 2022. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல. காரணம் எளிது: இடது ஓரத்தில் இருப்பதுதான் முதலில் ஒப்பிடப்படும், நாம் அங்கே வைத்திருப்பதோ மிகச் சிறிய அலகான நாளை. பெரியதிலிருந்து சிறியதுக்கு, அதாவது 2022-08-30 என்று திருப்பி எழுதினால் நான்கு ஆண்டும் தானாக வரிசைக்கு வந்துவிடும். 1988 இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரமும் இந்த ஆண்டு-மாதம்-நாள் முறையையே வைத்திருக்கிறது. மாதத்தைப் பெயராக எழுதுவது இன்னும் மோசம். அகராதி வரிசையில் ஆடி, ஆவணி, ஆனி என்று வரும். அந்த வரிசையில் எந்தப் பஞ்சாங்கமும் ஓடாது.

இங்கே வருகிற மறுப்பு கொஞ்சம் வலுவானது. கோப்போடு தேதியும் நேரமும் கூடவேதான் இருக்கிறது, எல்எஸ் மைனஸ் டி என்றால் புதியது முதலில் என்று நேர வரிசையிலேயே காட்டுகிறது, அதைப் பெயரில் இன்னொரு முறை எழுதுவது எதற்கு என்பார்கள். மைனஸ் டி காட்டுவது படம் எடுத்த நேரத்தை அல்ல, கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரத்தை. 2022 ஊர்வலப் படத்தை இன்று திறந்து ஓரத்தை வெட்டிச் சேமித்தால் அது இன்றைய கோப்பு. சிபி கட்டளையால் வெறுமனே நகலெடுத்தால் நகல் முழுவதும் இன்றைய தேதிக்கு வந்துவிடும். பழைய நேரம் நிலைக்க வேண்டுமானால் மைனஸ் பி சேர்க்க வேண்டும், அது நினைவிருப்பவர் குறைவு. மெமரி கார்டுகளில் காணப்படும் ஃபேட்32 முறை, மாறிய நேரத்தை 2 வினாடி இடைவெளியில்தான் குறித்துவைக்கும். செண்டை மேளக்காரர்கள் குச்சியை ஓங்குவதை அடுத்தடுத்து நாலு படம் எடுத்தால், அவற்றில் சில ஒரே நேரம் காட்டும். நேரம் ஒன்றானால் எல்எஸ் பெயரைப் பார்த்துத்தான் முந்தியது எது என்று முடிவுசெய்கிறது. சுற்றிச் சுற்றிப் பெயரிடமே வந்து சேர்கிறோம்.

இதனால் மைனஸ் டி உதவாது என்று ஆகிவிடாது. நேற்று எந்தக் கோப்பில் வேலை செய்தோம் என்பது கேள்வியானால் அதைவிட நல்ல பதில் கிடையாது. எல்எஸ் மைனஸ் எல்டிஆர் என்று சேர்த்துக் கொடுத்தால் புதியது கடைசியில், அதாவது கர்சருக்கு நேர்மேலே வந்து நிற்கும்; திரையை மேலே உருட்ட வேண்டியதில்லை. கணினிக்கே தெரிந்த சங்கதிகளைக் கணினியிடம் கேட்க வேண்டும், நமக்கு மட்டும் தெரிந்ததைப் பெயரில் எழுத வேண்டும். அளவு கணினிக்குத் தெரியும், ஆகவே எல்எஸ் மைனஸ் எல், பெரிய எஸ். வட்டை அடைத்துக்கொண்டிருக்கும் ஃபோல்டர் எது என்று தேட டியு மைனஸ் எஸ்எச், ஓர் இடைவெளி, நட்சத்திரக்குறி கொடுத்து, அதைக் குழாய்க்குறி வழியாகச் சார்ட் மைனஸ் ஆர்எச்சுக்கு விட வேண்டும். அந்த எச்சை விட்டுவிட்டு மைனஸ் என் போட்டால் 9.8 எம்பி ஃபோல்டர் 1.2 ஜிபியைவிடப் பெரியதாகிவிடும், ஏனென்றால் என்னுக்கு எண் தெரியும், அலகு தெரியாது. இன்னொரு பொறியும் உண்டு. எல்எஸ் மைனஸ் எல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கோப்புக்கு மணி, நிமிடத்தைக் காட்டும். பழைய கோப்புக்கு அதே இடத்தில் ஆண்டைக் காட்டும். அந்தத் தேதிப் பத்தியைச் சார்ட்டிடம் கொடுத்து வரிசைப்படுத்த முயன்றால் மணியும் ஆண்டும் ஒன்றோடொன்று மோதும். டைம்-ஸ்டைல் என்ற விருப்பத்தில் லாங்-ஐசோ என்று கேட்டால் எல்லாமே ஆண்டு-மாதம்-நாள் ஆகிவிடும்.

இதுவரை பார்த்ததெல்லாம் எண்களின் தொல்லை, எந்த மொழிக்காரருக்கும் உள்ளது. தமிழில் பெயர் வைக்கிறவருக்குத் தனியாக ஒன்று இருக்கிறது. கேரளத்தின் நான்கு ஊர்களை எடுத்துக்கொள்வோம்: பள்ளுருத்தி, பனங்காடு, கும்பளம், குமரகம். நம் அகராதியில் ளகரம் முன், னகரம் கடைசி. ஆகவே பள்ளுருத்திக்குப் பிறகு பனங்காடு. புள்ளி வைத்த மெய் முன், உயிர்மெய் பின். ஆகவே கும்பளத்துக்குப் பிறகு குமரகம். இப்போது எல்சி-ஆல் என்ற மாறிக்கு சி என்ற ஒற்றை எழுத்தை மதிப்பாகக் கொடுத்து எல்எஸ் போட்டால் இரண்டு ஜோடியும் இடம் மாறிவிடும்: குமரகம், கும்பளம், பனங்காடு, பள்ளுருத்தி. சி அமைப்பு மொழி எதையும் பார்ப்பதில்லை, யூனிகோடு எண்ணை மட்டும் பார்க்கிறது. யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது 1988 இன் இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம் போட்ட அட்டவணை அது. அதில் னகரம் நகரத்தின் பக்கத்து வீடு, றகரம் ரகரத்தின் பக்கத்து வீடு, வகரம் ழகரத்துக்கும் அப்பால். மெய்ப்புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். குறியெண் அடையாளத்துக்குத்தான், அகர வரிசைக்கு அல்ல. மொழிவாரி வரிசை தனி அட்டவணையாக வர வேண்டும் என்பதே யூனிகோடின் ஏற்பாடு. அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சர்வர்களிலும் இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களிலும் வேகத்துக்காகவும் நிச்சயத்துக்காகவும் சி அமைப்பையே வைப்பது பரவலான பழக்கம். உங்கள் மடிக்கணினியில் ஒரு வரிசை, சர்வரில் வேறு வரிசை, கோப்புகளோ அவையே. தமிழ் அகர வரிசையை நம்பி வேலை செய்யுமுன் இந்த நாலு ஊர்ப் பெயரில் வெற்றுக் கோப்புகளை உருவாக்கி எல்எஸ் போட்டுப் பாருங்கள். கணினியின் குணம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கொச்சி என்ற பெயரே ஒரு கண்ணி. ‘கொ’வை ககரத்தோடு ஒகரக்குறி என்று இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம், ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, திரையிலும் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. ஆனால் முதல் வகைக் கொச்சி 18 பைட், இரண்டாவது 21 பைட். லினக்ஸின் கோப்பமைப்புக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள், ஆகவே ஒரே ஃபோல்டரில் ‘கொச்சி’ இரண்டு முறை இருக்க முடியும். சி அமைப்பில் அவை பக்கத்திலும் நிற்காது. கைதாரம் போல ‘கை’யில் தொடங்கும் பெயர்களெல்லாம் நடுவில் புகுந்துகொள்ளும். இந்த இரட்டைப் பிறவி எங்கிருந்து வருகிறது என்றால், ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்து மூன்றாக்கித்தான் சேமித்தது. அந்த வட்டிலிருந்து வந்த கோப்பும் லினக்ஸில் தட்டிய கோப்பும் சேரும்போது வினை தொடங்கும். கான்வ்எம்வி என்ற கருவிக்கு என்எஃப்சி என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எல்லாப் பெயரையும் முதல் வகைக்கு மாற்றித் தரும். பக்கத்து வீட்டு மலையாளத்திலும் இதே கதை உண்டு: 2008 இல் யூனிகோடு 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியெண் கொடுத்தபோது, பழைய முறையில் எழுதிய சில்லும் புதிய சில்லும் பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு என்றாயிற்று.

இத்தனை வம்பு எதற்கு, கோப்புப் பெயரை ஆங்கிலத்திலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவரைப் பழிக்க முடியாது. அவர் பக்கம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட். ‘திருப்பூணித்துறை’ நமக்கு எட்டெழுத்து, யூனிகோடுக்கு 16 குறியெண், வட்டில் 48 பைட். ஒரே பெயரில் அதை ஐந்து முறை எழுதலாம், ஆறாவதுக்கு இடமில்லை. ஆனாலும் நெட்டூர் ஓணப் படங்களை ஆங்கிலத்தில் எழுதும்போது டி எத்தனை, யு எத்தனை என்று வீட்டில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வைத்திருப்பார்கள். அப்போது வரிசை உடைவது யூனிகோடால் அல்ல, நம்மால். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: வரிசை எதை நம்பியிருக்கிறதோ அந்தப் பகுதியை எண்ணாக முன்னால் வை, பெயரைத் தமிழில் பின்னால் வை. ‘2024-09-06-017-அத்தச்சமயம்’ என்ற பெயரில் வரிசையைத் தீர்மானிக்கும் அத்தனையும் முதல் 14 இடத்தில், எந்த மொழியமைப்பிலும் மாறாத எண்ணிலும் கோட்டிலும் முடிந்துவிடுகிறது. தமிழ் மனிதருக்கு.

கடைசி மறுப்பு டெர்மினல் மீதே. ஃபோல்டர் சன்னலில் ‘தேதி’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் போயிற்று, கறுப்புத் திரை எதற்கு? கேரள அரசுப் பள்ளிகளில் 2001 இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதிலிருந்து பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள்; 2017 இல் அது கைட் நிறுவனமாக ஆன பிறகும் அப்படியே. கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல், ஆனாலும் சொடுக்குவதே எளிது, உண்மைதான். ஆனால் சொடுக்கியதற்குத் தடயமில்லை. எந்த வரிசையில் பார்த்துவிட்டு ‘எல்லாம் இருக்கிறது’ என்று சொன்னோம் என்பதை அடுத்தவரிடம் காட்ட முடியாது. கட்டளையை ஒரு வரியாக எழுதி அனுப்பலாம், அடுத்த ஆண்டு அத்தத்தன்று அதையே ஓட்டலாம். அதைவிட, தேடல் பெட்டியும் சன்னலும் இருப்பதைத்தான் காட்டும். இல்லாததைக் காட்ட இரண்டு பட்டியலை ஒப்பிட வேண்டும்.

ஹில் பேலஸ் படங்களுக்கே திரும்பி வருவோம். செக் மைனஸ் டபிள்யூ 49 என்றால் 01 முதல் 49 வரை சுழியோடு ஒரு பட்டியல் கிடைக்கும். அதை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, எல்எஸ் தரும் பெயர்களிலிருந்து எண்ணை மட்டும் வெட்டியெடுத்து இன்னொரு கோப்பில் வைத்து, இரண்டையும் காம் மைனஸ் 23 என்ற கட்டளையிடம் கொடுங்கள். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவற்றை மட்டும் அது சொல்லும். காம் எழுத்து வரிசையில் உள்ள பட்டியலைத்தான் ஏற்கும். 1, 2, 3 என்று சுழியில்லாமல் எண் வரிசையில் அடுக்கிக் கொடுத்திருந்தால் 9க்கு அடுத்த 10லேயே ‘வரிசையில் இல்லை’ என்று முறையிட்டிருக்கும். சுழி வைத்த பெயர்களில் அந்தப் பேச்சே எழாது. 48 படங்கள்தான் இருக்கின்றன, விடுபட்டது 23 ஆம் கட்டடம் என்றால், திரையில் 23 என்று ஒற்றை வரி வரும். அந்தக் கட்டடத்தை எடுக்கக் கேமராவோடு மறுபடி போக வேண்டியதுதான். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.